சாக்ஸுக்கு வாய் தைத்த கதை

கொரோனா ஊரடங்கு ஓய்ந்த சமயத்தில் எங்கள் லைன் வீடுகளில் யாருக்கும் உதவாத ஒரு பொருள் வீட்டுக்கு வீடு கிடந்தது. பள்ளிக்கூட சாக்ஸ்தான் அது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அதற்குள் பிள்ளைகளின் கால் வளர்ந்துவிட்டது. சில ஜோடிகளில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது. கம்பெனிகள் மூடிக்கிடந்த மாதங்களில் ஃபீஸ் கட்ட முடியாமல், மெட்ரிக் பள்ளியில் படித்த பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றியவர்களும் எங்கள் பக்கம் நிறையப் பேர். தமிழ்நாடு முழுக்கவே அப்போது லட்சக்கணக்கான பிள்ளைகள் அப்படி மாறினார்கள். புதுப் பள்ளிக்குச் செருப்புப் போட்டுப் போனால் போதும். ஷூவை யாருக்காவது கொடுத்துவிடலாம். பிள்ளை போட்ட சாக்ஸை யார் வாங்கிக்கொள்வார்கள்? காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கிப் போடவும் மனசு வராது. வெள்ளை, கறுப்பு, மேல்விளிம்பில் இரண்டு கோடு ஓடுகிற சாம்பல், ஹவுஸ் கலர் என்று வாங்கிய சிவப்பு, பச்சை எல்லாம் பீரோவின் கீழ்த்தட்டில் சுருண்டு கிடந்தன.

நாங்கள் இருப்பது திருப்பூரில், அனுப்பர்பாளையம் பக்கம். சுற்றிலும் பனியன் கம்பெனிக்குப் போகிற ஜனங்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு அதுவரை வீட்டில் ஆள் கிடையாது. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில், தன்னார்வலர்கள் மாலை வகுப்பு நடத்தும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். எங்கள் பகுதிக்குத் தன்னார்வலர் தேவை என்று கேட்டபோது நான் பெயர் கொடுத்தேன். அதற்கு முன்பு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள் நான். மகன் பிறந்த பிறகு வேலைக்குப் போகவில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல், ஏழு மணிக்குள், ஒன்றரை மணி நேரம் வகுப்பு. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. காம்பவுண்டுக்குள் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இருந்த சிமென்ட் திண்ணைதான் எங்கள் வகுப்பறை.

வந்த பிள்ளைகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர்கள் இரண்டாம் வகுப்புக்காரர்கள். பேருக்கு இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்புக்கு என்று ஒரு நாள்கூட அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம் என்கிற பழக்கமே அவர்களுக்கு வரவில்லை. அவர்களில் ஒருத்தி வாயே திறக்க மாட்டாள். பெயர் கேட்டால் பாவாடை நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டு நிற்பாள். மற்றப் பிள்ளைகளே எனக்கு விவரம் சொன்னார்கள். அவளுக்குப் பேச வரும், வீட்டில் பேசுவாள், இங்கேதான் பேச மாட்டேன் என்கிறாள் என்று. எனக்கு அதில் அவசரம் இருக்கவில்லை. கூட்டத்தைக் கண்டே ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆன பிள்ளை அவள்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது கைக்குட்டையை முடிந்து ஒரு பொம்மை செய்து காட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் மகனின் சாக்ஸ் ஒன்றில் கையை விட்டு, விரல்களைச் சேர்த்தும் பிரித்தும் பார்த்தேன். மடிப்பு ஒன்று விழுந்து வாய் மாதிரி அசைந்தது. கைக்குட்டைப் பொம்மைக்குத் தலை இருந்தது, வாய் இல்லை. எனக்கு வேண்டியது வாய். மறுநாளே பிள்ளைகளிடம், வீட்டில் பற்றாமல் போன சாக்ஸ் இருந்தால் துவைத்து எடுத்து வாருங்கள் என்றேன். அந்த வாரத்துக்குள் ஒரு கட்டைப்பை நிறையச் சேர்ந்துவிட்டது.

சாக்ஸ் பொம்மை செய்வது சுலபம் என்று எல்லாரும் சொல்வார்கள். மூக்குக்கு ஒரு பொத்தானும் கண்ணுக்கு இரண்டும் தைத்தால் பொம்மை ஆகிவிடும், அது வாஸ்தவம். ஆனால் அது கையில் நின்று பேச வேண்டுமானால், வாயைச் சரியாக வைக்க வேண்டும். நாங்கள் செய்த முறையைச் சொல்கிறேன். முதலில் சாக்ஸைப் பிள்ளையின் கையில் மாட்டிப் பார்க்க வேண்டும். நாலு விரலும் முன்நுனி வரை போகட்டும். குதிகால் பை புறங்கைப் பக்கம் மேலே வரவேண்டும். அந்தப் புடைப்புதான் தலைக்கு உருவம் கொடுக்கிறது. கீழே திரும்பிப் போனால் தாடை தொங்கிக் கழுத்து வீங்கிய மாதிரி இருக்கும். சுண்டுவிரல் பக்கத்திலும் ஆள்காட்டிவிரல் பக்கத்திலும் கட்டைவிரல் இடுக்கு எந்த மட்டத்தில் வருகிறதோ அதுவரை சாக்பீஸால் கோடு போட்டு, கழற்றி, முன்தையலோடு சேர்த்து வெட்டித் திறந்துவிட வேண்டும். உள்ளே வைக்க அட்டை வேண்டும். நோட்டு அட்டை வியர்வையில் நைந்துபோகும். கல்யாணப் பத்திரிகை அட்டைதான் நின்றது. பிள்ளையின் நாலு விரல் அகலத்துக்கு நீள்வட்டமாக வெட்டி, நடுவில் மடித்து, மேலே சிவப்புத் துணி போர்த்த வேண்டும். காதர்பேட்டையில் பனியன் துணிக் கட்பீஸ் கிலோ கணக்கில் கிடைக்கும். எங்களுக்கு ஒரு கைப்பிடி போதும் என்றதால் கடைக்காரர் காசு வாங்கவில்லை.

தைக்கும்போது கடைவாய் இரண்டையும் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கமிருந்து தைத்துக்கொண்டே வந்தால் துணி இழுபட்டு வாய் கோணிவிடும். ஃபெவிகால் போட்டு ஒட்டிவிடலாம் என்றுதான் பெரிய பையன்கள் ஆரம்பித்தார்கள். நைலான் கலந்த சாக்ஸில் பசை பிடிக்கவே இல்லை. காய்ந்ததும் தோலாக உரிந்து வந்தது. அதனால் நாலாம், ஐந்தாம் வகுப்புக்காரர்கள் ஊசி பிடித்தார்கள். சின்னவர்கள் நூல் கோர்த்துக் கொடுத்தார்கள்.

வெட்டிய இடத்தில் இன்னொரு சிக்கல் வந்தது. நெய்த துணி வெட்டினால் நூல் பிசிறும், அவ்வளவுதான். சாக்ஸ் பின்னிய துணி. ஒரு கண்ணி அறுந்தால் அதன் கீழ்க் கண்ணி, அதற்கும் கீழ்க் கண்ணி என்று கணுக்கால் வரை ஓடிவிடும். திண்ணையில் ஒரு பையன் கையில் வைத்துக்கொண்டு இழுத்து இழுத்துப் பார்த்ததில் பாதி சாக்ஸே பிரிந்துவிட்டது. அந்த வாய் பேசாத பிள்ளையின் அம்மா அன்றைக்கு ஆர்டர் இல்லாமல் சீக்கிரம் வந்திருந்தார். ஓவர்லாக் டெய்லர் அவர். நின்று பார்த்துவிட்டு, "ஏனுங் மிஸ், இப்படி வெட்டினா நிக்காதுங்க. ஓவர்லாக் அடிக்கோணும். எல்லாத்தையும் குடுங்க, நான் கொண்டு போறேனுங்க" என்றார்.

மறுநாள் காலை வெட்டிய சாக்ஸ் எல்லாம் அவருடைய டிபன் கூடையில் கம்பெனிக்குப் போயின. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஓரம் அடித்திருக்கிறார். திரும்பி வந்தவற்றைப் பார்த்துப் பிள்ளைகள் கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது. அந்தந்த மிஷினில் அன்றைக்கு எந்த ஆர்டர் ஓடியதோ அந்தக் கலர் நூல்தானே இருக்கும்? வெள்ளைச் சாக்ஸின் உதட்டோரம் கிளிப்பச்சை. கறுப்பின் உதட்டோரம் ஆரஞ்சு. நான் வரைந்து வைத்திருந்தால்கூட அந்த நிறம் தோன்றியிருக்காது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டு சாக்ஸ் போகும்போதும் பிள்ளைகள், "இந்த வாரம் என்ன கலருங்க அக்கா?" என்று அவரைக் கேட்டார்கள்.

கண் வைப்பதைக் கடைசியில் வைத்துக்கொண்டோம். வெள்ளைச் சட்டைப் பொத்தானைக் குண்டூசியால் குத்தி நிறுத்தி, கையில் மாட்டி, எதிரில் இருப்பவரைப் பார்க்கிறதா என்று பார்த்த பிறகே தைக்க வேண்டும். அரை அங்குலம் தள்ளினால் ஆளே மாறிவிடும். நெருக்கி வைத்தால் கூர்ந்து கவனிக்கும் முகம். அகட்டி வைத்தால் ஒன்றும் புரியாமல் விழிக்கும் முகம். கருவிழிக்குக் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. இது ஒரு சிறுமியின் யோசனை, எனக்குத் தோன்றவில்லை. பொட்டை நகர்த்தி நகர்த்தி ஒட்டலாம் என்பதால், பொம்மை இன்றைக்குக் கோபமா, தூக்கமா என்பதை அவர்களே தீர்மானித்தார்கள்.

செய்து முடித்தபின் பேச வைப்பது தனி வேலை. எல்லாப் பிள்ளைகளும் முதலில் மேல்தாடையைத் தூக்குவார்கள். நாலு விரலும் மேலே போகும், பொம்மையின் கண் வானத்தைப் பார்க்கும், யாரிடம் பேசுகிறது என்றே தெரியாது. நாம் பேசும்போது அசைவது கீழ்த்தாடைதான். அதேபோல் நாலு விரலையும் அசைக்காமல் வைத்துக்கொண்டு, கட்டைவிரலைக் கீழே இறக்க வேண்டும். கண் எதிரில் இருப்பவர் மீதே நிற்கும். வாய் மட்டும் திறக்கும். இதைப் பழகப் பிள்ளைகளுக்குச் சில நாள் ஆனது. விரல் வலிக்கிறது என்று கையை உதறிக்கொள்வார்கள்.

அப்படிப் பழகும்போதுதான் படிப்புக்கும் இது உதவும் என்று கண்டுகொண்டேன். எங்கள் பிள்ளைகள் வாசிக்கத் தடுமாறியதில் பெரும்பங்கு குறில், நெடில் குழப்பம். 'படம்' என்பதைப் 'பாடம்' என்பார்கள். 'மலை', 'மாலை' இரண்டும் ஒன்றுதான். துணைக்காலைப் பார்க்கும் கண் இருந்தது, அதை நீட்டிச் சொல்லும் வாய் பழகவில்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம் அல்லது விரல் நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியர் காலத்திலேயே அளவு சொல்லி வைத்திருக்கிறார்கள். அதைக் கட்டைவிரலுக்கு மாற்றினேன். 'அம்மா' என்றால் அ, திற. ம், மூடு. மா, திறந்தபடி நிறுத்து. 'பல்' என்று பொம்மை சொன்னால் சட்டென்று வாய் மூடிக்கொள்ளும். 'பால்' என்றால் வாய் திறந்தே நின்று பிறகு மூடும். புத்தகத்தில் விரல் வைத்துப் படித்தபோது தப்பியது, கையில் சாக்ஸ் மாட்டிப் படித்தபோது தப்பவில்லை. எழுத்தின் அளவு பிள்ளையின் தசைக்குள் போய்விட்டது. தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லாரும் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

பொம்மை ஆட்டுவது நம் ஊருக்குப் புதிதல்ல. கும்பகோணத்துப் பொம்மலாட்டத்தில் கயிறும் கம்பியும் சேர்த்து ஆட்டுகிற மரப்பொம்மைகள் பத்துக் கிலோ வரை எடை இருக்கும். தெற்கே தோல்பாவைக்கூத்து. எங்களுக்குப் பக்கத்துப் பாலக்காட்டில் பாவைக்கதகளி. அது கைக்குள் மாட்டுகிற பாவை, ஆள்காட்டிவிரலில் தலை, மற்ற இரண்டு விரல்களில் கைகள். இவற்றில் பெரும்பாலும் பொம்மையின் வாய் அசைவதில்லை. பாட்டும் வசனமும் ஆட்டுபவரிடமிருந்து வரும், பொம்மை ஆடும். வருஷக்கணக்கில் பழகிய கலைஞர்களின் வேலை அது. சாக்ஸ் பொம்மைக்கு ஆட்டமே தெரியாது. பேச்சு ஒன்றுதான் தெரியும். அதனால்தான் ஏழு வயதுப் பிள்ளையின் கைக்கு அது பொருந்துகிறது.

அமெரிக்காவில் ஷாரி லூயிஸ் என்பவர் 1950களிலிருந்து சாக்ஸில் செய்த ஆட்டுக்குட்டி ஒன்றை வைத்துத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தினார். லாம்ப் சாப் என்று அதற்குப் பெயர். 1993இல் குழந்தைகளுக்கான தொலைக்காட்சி பற்றி நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் சாட்சி சொல்லப் போனபோது, ஆட்டுக்குட்டியையும் பேச அனுமதித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் திண்ணையிலும் ஒரு சாக்ஸ் அப்படிச் சாட்சி சொல்லியிருக்கிறது.

அந்த வாய் பேசாத பிள்ளை முதலில் கொண்டுவந்தது அவளுடைய யூகேஜி சாக்ஸ். அது இப்போது அவள் கைக்கே போகவில்லை, விரல் கணுவோடு நின்றுவிட்டது. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. மறுநாள் வேறொன்று கொண்டுவந்தாள். சாம்பல் நிறம், இரண்டு கோடு. காங்கயம் பக்கம் அம்மாவைப் பெற்ற அமுச்சி வீட்டில் தங்கிப் படிக்கிற அண்ணன் விட்டுப் போனது. அதைப் பூனை ஆக்கினாள். கோன் நூலில் மீசை. 'வரிப்பூனை' என்று எல்லாரும் பெயர் வைத்தார்கள். மற்றப் பொம்மைகள் கத்திக்கொண்டிருக்க, வரிப்பூனை பல நாள் சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடியது. நான் எதுவும் கேட்கவில்லை.

ஒரு நாள் எல்லாரும் கிளம்பிய பிறகும் அவள் திண்ணையிலேயே இருந்தாள். கையில் பூனை. நான் பூனையைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏம் பூனை, சாப்பிட்டியா?"

பூனை தலையை ஆட்டியது, இல்லை என்று.

"ஏன் சாப்பிடலை?"

"அம்மா வரோணும்." மிகச் சன்னமான குரல்.

"எப்போ வருவாங்க?"

"எட்டரைக்கு. அதுவரைக்கும் தாப்பாப் போட்டுட்டு இருக்கோணும்." கொஞ்ச நேரம் கழித்து வாய் மறுபடி திறந்தது. "கரண்ட் போனா பூனைக்குப் பயம்."

இந்த இடத்தில் நான் ஒன்றைக் கவனமாகக் கடைப்பிடித்தேன். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. கண் முழுக்கப் பொத்தான் கண்களிலேயே இருந்தது. பூனை பேசும்போது பூனையைத்தான் பார்க்க வேண்டும். நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்துவிட்டால், உன் குட்டு தெரிந்துவிட்டது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும், சாக்ஸ் மறுபடி வெறும் சாக்ஸாகிவிடும். "பூனை இருட்டுல என்ன பண்ணும்?" என்றேன். பாத்திரம் விளக்குகிற இடத்துக்கும் கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும் என்றது. அங்கே முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்குமாம்.

அன்று இரவு அவளுடைய அம்மாவைத் தனியே பார்த்துச் சொன்னேன். பிள்ளை சொன்னதாக அவளிடம் கேட்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டார். கோபப்படவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. ஷிப்டைக் குறைத்தால் வாரச் சம்பளம் குறையும், அதை நான் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாளிலிருந்து எட்டரை வரைக்கும் அடுத்த ரூம் ஆத்தா வீட்டில் இருக்க ஏற்பாடு செய்தார். ஆத்தாவும் தனியாக டிவி பார்த்துக்கொண்டிருப்பவர்தான்.

பிறகு அவள் சொந்தக் குரலிலும் பேசினாள். ஒரே நாளில் நடந்துவிடவில்லை. முதலில் பூனை பேசும், பிறகு பூனையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பேசுவாள், பிறகு பூனை பையிலேயே இருக்கும்.

கடையிலும் இணையத்திலும் கைப்பொம்மைகள் அழகழகாகக் கிடைக்கின்றன. வாங்கித் தரலாமே என்று கேட்டவர்கள் உண்டு. ஒருவர் இரண்டு வாங்கியும் கொடுத்தார். ஒன்று சிங்கம், ஒன்று முயல். பிள்ளைகள் ஆசையாகத்தான் மாட்டிப் பார்த்தார்கள். ஆனால் சிங்கம் கர்ஜித்தது, முயல் கேரட் கேட்டது. அதற்கு மேல் அவை பேசவில்லை. அவற்றின் முகத்தை வேறு யாரோ முடிவுசெய்துவிட்டார்கள். தன் அண்ணன் போட்ட சாக்ஸுக்குத் தன் அம்மா ஓரம் அடித்துத் தந்து, தானே கண்ணை நகர்த்தி நகர்த்தி வைத்த பொம்மையிடம்தான் பிள்ளை தன் வீட்டுக் கதையைக் கொடுக்கும். காசு இருந்தால்கூட வாங்கித் தராதீர்கள், செய்ய விடுங்கள் என்றுதான் யாரிடமும் சொல்வேன்.

கோடை விடுமுறைக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காம்பவுண்டுக்கே நாடகம் போட்டோம். கயிற்றுக்கட்டிலைப் பக்கவாட்டில் நிறுத்தி, மேலே என் பழைய புடவையைப் போட்டால் மேடை. கதையைப் பிள்ளைகளே கட்டினார்கள். ஒரு இடது சாக்ஸ் தன் ஜோடியைக் காணாமல் தேடிப் போகிறது. துவைக்கிற கல்லிடம் கேட்கிறது, கொடியிடம் கேட்கிறது, தெருநாயிடம் கேட்கிறது. ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் எங்களோடு இருந்தான். தமிழ் புரியும், பேசக் கூச்சம். கதையில் அவனுக்கு ரயிலில் வந்த சாக்ஸ் வேஷம். ஒடியாவிலேயே பேசினான். இடது சாக்ஸ் தமிழில் பதில் சொன்னது. இரண்டுக்கும் வழி தெரியவில்லை என்பது பார்த்தவர்கள் எல்லாருக்கும் விளங்கியது. கடைசியில் இரண்டும் ஒரே கொடியில் காயப்போய்விட்டன. கலர் ஒத்துவரவில்லையே என்று தெருநாய் கேட்டதற்கு, "மழை வந்தா ஷூவுக்குள்ள யாருக்குத் தெரியும்?" என்றது இடது சாக்ஸ். இந்த வசனம் ஒத்திகையில் இல்லை.

நாடகம் முடிந்து பொம்மைகளைக் கட்டில்மேல் வைத்திருந்தோம். பாத்திரம் விளக்கப் போக எழுந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து கையை விட்டுப் பார்த்தார்கள். ஒருவர் கறுப்பு சாக்ஸில் சூப்பர்வைசர் குரலில், "இன்னும் பீஸ் ஆகலையா?" என்று கேட்க, கிளிப்பச்சை உதட்டுக்காரி, "மொதல்ல ஃபேனைப் போடுங்க சார்" என்றாள். அப்புறம் யாரும் சமையலுக்குப் போகவில்லை. சம்பளம், பவர் கட், மாமியார், ஓவர்டைம் என்று சாக்ஸ்கள் பேசிக்கொண்டே இருந்தன. ஓவர்லாக்கார அம்மாவிடம் வரிப்பூனை இருந்தது. அவருடைய மகள் குறுக்கே வந்து, எல்லார் முன்னாலும் சத்தமாக, "மேல தூக்காதம்மா, வானத்தப் பாக்குது பாரு. கட்டைவெரலக் கீழ எறக்கு" என்றாள்.

அவர் இறக்கிப் பார்த்தார். பிள்ளைகளின் சாக்ஸ் பெரியவர்கள் கைக்குப் பற்றவில்லை, கட்டைவிரல் சரியாக மடங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரவர் வீட்டுக்காரர் சாக்ஸைத் துவைத்து எடுத்து வருவதாகப் பேசிக்கொண்டு கலைந்தார்கள். அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகை சேர்த்து வைக்கச் சொல்லி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.